ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைப்பதுதான் தேவசகாயத்துக்கு அன்றைய வேலையிலெல்லாம் பெரிய வேலை. அதற்கப்புறம் குழியில் இறங்குவதும், ஊறிக் கனத்த மாட்டுத்தோலைக் கரைக்கு இழுத்துப் போடுவதும் எப்படியோ நடந்துவிடும். அந்த முதல் அடிதான் உயிரை வாங்கும். உள்ளங்கால் தரையில் பட்டதும் நெருப்புக் கங்கை மிதித்தாற்போல எரிச்சல் கெண்டைக்கால்வரை ஏறும். விரல் இடுக்குகள் வெளுத்து ஊறிக் கிடக்கும். தொட்டால் உரிந்து கையோடு வரும். குதிகாலில் ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னப் பொத்தல்கள். சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து நின்று, பத்து எண்ணி, அப்புறம்தான் அடுத்த கால்.

"கால நீட்டுய்யா" என்று சவுரியம்மாள் புங்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவாள். அவளும் தோல் பதம் பண்ணுகிற அதே ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள்தான். "தோலுக்கு எண்ணெ போட்டா பளபளன்னு வருது. உனுக்குப் போட்டா நாத்தந்தான் வருது."

"அது செத்த தோலும்மே."

"உன்னுது மட்டும் இன்னா, உசுரோடவா இருக்குது?"

ஆம்பூரில் முனீர் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்கு இரண்டே ஆள். ஒருவன் தேவசகாயம், மற்றவன் ஆபித் பாஷா. பச்சைத் தோலின் மயிர் கழல வேண்டுமென்றால் அது சுண்ணாம்புத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடக்க வேண்டும். சும்மா கிடந்தால் போதாது. தினமும் எடுத்துக் கரையில் அடுக்கி, குழியைக் கலக்கி, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். தள்ளுகிறவன் முழங்கால்வரை இறங்கித்தான் தள்ளுவான். மாட்டுத்தோலில் மயிரைக் கழற்றுகிற சுண்ணாம்புக்கு மனுஷன் கால் எது, மாட்டுக் கால் எது என்று தெரியாது. தேவசகாயம் இறங்கிப் பன்னிரண்டு வருஷம், ஆபித் ஒன்பது. இவர்களுக்கு முன்னால் அந்தக் குழியில் நின்ற ஒருத்தன் இப்போது ரயிலடியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து பிச்சை எடுக்கிறான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். காலைப் பார்ப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, மாசி மாதம். தண்ணீர் இறைக்கிற பம்பு மிஷின் பூட்ட மதராஸிலிருந்து ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். காலில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு பூட்ஸ். குழாய் பதிக்க வேண்டுமென்று நேராகச் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். இரண்டு மணி நேரம் நின்றான். ஏறி வந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு பூட்ஸைக் கழற்றினான். உள்ளே இருந்த கால் கல்யாணத்துக்குக் கழுவி வைத்தது போல உலர்ந்து கிடந்தது.

தேவசகாயம் அந்த பூட்ஸைக் கையில் எடுத்து, திருப்பி, மடக்கி, முகர்ந்து பார்த்தான். "இது இன்னா தோலு தொரை?"

"தோல் இல்ல மேன், ரப்பர். மதராஸ்ல கடையில விக்கிது."

அன்றைக்கு உள்ளே போன அந்த நினைப்பு வெளியே வரவில்லை. ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தால் ரயிலடிக்குப் போக வேண்டியதில்லை. ஆபித்திடம் சொன்னான். ஆபித் மேஸ்திரியிடம் கேட்டான். மேஸ்திரி நிசார் அஹமது வாய்விட்டுச் சிரித்தார்.

"குழிக்கு பூட்ஸு! நாளைக்கு வெயிலுக்குக் குடை கேப்பீங்களா? போங்கடா, தோலு வெந்துடப்போவுது."

"தோலு வெந்தா மாத்திரம் அக்கறை" என்று ஆபித் முணுமுணுத்துக்கொண்டே குழியில் இறங்கினான்.

அந்த ஷாப்பில் வெள்ளிக்கிழமை லீவு. தொழுகை முடிந்து ஆபித் வந்ததும், பொழுது சாயப் பாலாற்று மணலில் பந்தாட்டம். பந்து தேவசகாயம் தைத்தது. ஓரம் வெட்டிப் போட்ட கழிவுத் தோலைச் சேர்த்து, உள்ளே மாட்டு மயிரை அடைத்தது. கனமாய் இருக்கும், உருண்டையாய் இருக்காது, எந்தப் பக்கம் திரும்புமென்று அதற்கே தெரியாது. அதை அடக்கிப் பழகினவனுக்கு வேறு எந்தப் பந்தும் லேசு. மணலில் ஓடும்போது மட்டும் தேவசகாயத்தின் கால் எரியாது. ஏன் என்று அவன் யோசித்ததில்லை. எரியாத நேரத்தில் எவன் யோசிப்பான்?

முதலாளி முனீர் அகமது கதர் உடுத்துகிறவர். அந்நியத் துணி பகிஷ்காரம் ஊரில் சூடு பிடித்திருந்த சமயம். பஜாரில் சீமைத் துணி கொளுத்தினாலும் ஊர்வலம் போனாலும் முன்வரிசையில் அவர் தொப்பி தெரியும். அவருடைய தோல் முழுக்கக் கப்பலேறி லண்டனுக்குப் போகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். லண்டனில் விலை விழுந்து இரண்டு வருஷம். மேல்விஷாரத்தில் மூன்று ஷாப்பு மூடியாகிவிட்டது. மனுஷன் உள்ளுக்குள் ஆடிப்போய்த்தான் இருந்தார். ஆனால் வெளியே தலையை நிமிர்த்தித்தான் நடப்பார். குனிந்தால் கடன் கொடுத்தவன் வாசலுக்கு வந்துவிடுவான் என்ற பயம்.

பங்குனியில் ஒருநாள், மதராஸ் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து சரக்கு பார்க்கத் துரை வந்தார். கிடங்கில் தேவசகாயமும் ஆபித்தும் ஒவ்வொரு தோலாக விரித்துப் பிடிக்க, துரை குச்சியால் தட்டிக்கொண்டே வந்தார். இருபது வருஷம் இந்தப் பக்கம் சுற்றினதில் தமிழ் வரும்.

"செகண்டு. செகண்டு. இதுவும் செகண்டு."

"துரை, நல்லா பாருங்க. முதல் ரகம் சார் இது. கையில எடுத்துப் பாருங்க, பட்டு மாதிரி இருக்குது" என்றார் முனீர் அகமது.

"பார்த்துட்டுதான் சொல்றேன், சாயபு. உங்க ஆளுங்களுக்குக் கூச்சல் போட நல்லா வருது. போன வாரம் பஜார்ல பார்த்தேன், பெரிய கூச்சல். ஆனா ஒழுங்கா ஒரு தோல் பதம் பண்ண வர்றதில்லே. பதினோரு பேர் ஒண்ணா சேர்ந்து ஒரு பந்து உதைக்க வர்றதில்லே. அதுக்குள்ள ராஜ்ஜியம் வேணுமாம்!"

முனீர் அகமதுவின் முகம் சிவந்தது. தோலைச் சொன்னது பாதி, ராஜ்ஜியத்தைச் சொன்னது பாதி. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே கையை நீட்டினார். நீட்டின கை தேவசகாயத்தின் மேல் நின்றது.

"பந்துதான உதைக்கணும்? என் குழி ஆளுங்க உதைப்பானுங்க. நீங்க உங்க கம்பெனி டீமைக் கூட்டிட்டு வாங்க."

துரை தேவசகாயத்தின் காலைப் பார்த்தார். "பூட்ஸ் இல்லாமலா?"

"பூட்ஸ் இல்லாமத்தான்."

துரை சிரித்து, சரி என்று தேதி குறித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் முனீர் அகமது ஆட்களை எல்லாம் முற்றத்தில் நிறுத்தினார். இருபது நாள் இருக்கிறது, ஜெயிக்க வேண்டும், இது ஷாப்பு மானம் மட்டுமில்லை, தேசத்து மானம் என்றார். ஆட்கள் தலையாட்டினார்கள். மானத்துக்குத் தலையாட்டக் கூலி பிடித்தமில்லை.

"ஜெயிச்சா இன்னா வேணும்? கேளுங்க" என்றார் கடைசியில்.

பட்டைத்தூளும் வியர்வையுமாய் நின்ற கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. தேவசகாயம் திறந்தான்.

"குழிக்கு ரப்பர் பூட்ஸு வேணும் முதலாளி. முட்டி ஒசரத்துக்கு. பம்பு பூட்ட வந்தவரு போட்டிருந்தாரே, அது."

"ரெண்டு ஜோடி முதலாளி" என்றான் ஆபித். "எனுக்கும் ரெண்டு காலுதான் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். முனீர் அகமதுவும் சிரித்தார். "அவ்வளவுதானா? தர்றேன். மதராஸ்லேர்ந்து வரவழைச்சுத் தர்றேன். எனக்கு ஒரே நாக்குதான். மேஸ்திரி, அளவு எடு."

நிசார் அஹமது கழிவுத் தோல் துண்டு ஒன்றைத் தரையில் போட்டு, இரண்டு பேரையும் அதன்மேல் நிற்கவைத்து, கரித்துண்டால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். சீமை பூட்ஸ் கணக்குப்படி தேவசகாயத்துக்கு ஒன்பதாம் நம்பர், ஆபித்துக்கு ஏழாம் நம்பர் என்று எழுதினார். அந்தத் துண்டை முதலாளி ஆபீஸ் அறையில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டினார். போகும்போதெல்லாம் தேவசகாயம் கதவு இடுக்கில் பார்த்துக்கொள்வான். தன் கால் இரண்டும் அங்கே ஏற்கெனவே உலர்ந்த இடத்தில் நிற்பது போலத் தோன்றும்.

வேலை முடிந்ததும் தினமும் மணலில் பழக்கம். ஷாப்பு பதினொரு பேரும் ஓடினார்கள், விழுந்தார்கள், திட்டிக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் தேவசகாயத்துக்கு ஒரு கவலை வந்தது. எதிரிகள் பூட்ஸ் போட்டு மிதிப்பார்கள். சுண்ணாம்பில் ஊறி வாழைத்தண்டாய்க் கிடக்கிற இந்தக் கால் தாங்குமா?

தோல்காரனுக்கு வருகிற யோசனைதான் அவனுக்கு வந்தது. மெத்தென்று இருக்கிற தோலை உறுதியாக்க என்ன செய்வோம்? ஆவாரம்பட்டைத் தொட்டியில் போடுவோம். அடுத்த மூன்று நாளும் எல்லோரும் போன பிறகு, குழியிலிருந்து ஏறி மேலாகக் கழுவின காலோடு, பட்டைத் தொட்டிக் கரையில் உட்கார்ந்து, கெட்டியான பட்டைச் சாற்றில் கணுக்கால்வரை விட்டுக்கொண்டு இருந்தான். முதல் நாள் சுருசுருவென்றது. இரண்டாம் நாள் எரிச்சல் அடங்கியது. மூன்றாம் நாள் உள்ளங்கால் செம்பழுப்பாகி, பலகை போல இறுகியது. விரலை மடக்கித் தட்டினால் டொக்கென்று சத்தம். காலையில் முதல் அடி வைத்தபோது வலிக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னாய்யா செஞ்ச?" என்றாள் சவுரியம்மாள்.

"சும்மா இரு. வெள்ளிக்கிழமை பாரு."

ஆபித்திடம் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லி அசத்தலாமென்று இருந்தான்.

வெள்ளிக்கிழமை மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. மாதனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மரத்தில் மூவர்ணக் கொடி. அதன் கீழே கதர்த் தொப்பிகள். எதிர்ப்புறம் நாற்காலி போட்டுத் துரையும் அவர் ஆட்களும். கம்பெனி டீம் பதினொரு பேரில் ஆறு வெள்ளைக்காரர்கள், மற்றவர்கள் கம்பெனி ஆபீஸ் சட்டைக்காரர்கள். துரை கொண்டு வந்த பந்து சீமையில் செய்தது. ஆட்டம் தொடங்குமுன் தேவசகாயம் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து ஆபித்திடம் காட்டினான்.

"இது நம்ம பக்கத்துத் தோலு. பட்டை வாசம் போவல பாரு."

"செகண்டு" என்றான் ஆபித், துரையின் குரலில்.

முதல் கால் மணி நேரம் தேவசகாயத்துக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. பூட்ஸ் மிதித்தது, கல்லை மிதித்தது போலத் திரும்பிப் போனது. பூட்ஸ்காரர்கள் கனம். திரும்புவதற்குள் இவர்கள் இரண்டு சுற்று ஓடிவிடுவார்கள். இருந்தாலும் அவர்களுக்குப் பந்தைக் கைமாற்றி விளையாடத் தெரியும். இவர்களுக்கு ஓடத்தான் தெரியும். நெட்டையாக இருந்த ஒருவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான்.

அப்புறம், பந்தைத் துரத்தி ஓடி, வலது காலை ஊன்றி இடதுபக்கம் திரும்பினபோது, தேவசகாயத்தின் உள்ளங்காலில் என்னவோ விட்டது. வலியில்லை, முதலில் சத்தம்தான். காய்ந்த தோலை மடக்கினால் வருமே, அந்தச் சத்தம். நாலு எட்டு ஓடின பிறகு வலி வந்தது. இடதுகாலிலும் அதே சத்தம்.

இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலிலிருந்து பெருவிரல்வரை குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது. ஆபித் பக்கத்தில் வந்து குனிந்தான். செம்பழுப்பைப் பார்த்தான்; முகர்ந்தான்.

"பட்டையிலயா போட்ட?"

"மூணு நாளு."

"ஏன்டா தோஸ்த், சுண்ணாம்பு எறக்காத தோலப் பட்டையில போட்டா இன்னா ஆவும்?"

தேவசகாயம் வெடிப்பை விரலால் மூடினான்.

"சொல்லுடா. நேத்து வந்த பையன்கூடச் சொல்லுவான்."

"வெடிக்கும்."

"தவுட்டுத் தண்ணியில ஊறப் போட்டு, சுண்ணாம்பக் கக்க வச்சிட்டுத்தானே தொட்டிக்குத் தள்ளணும்? பன்னெண்டு வருஷத்துல ஒரு தோலயாவது இப்படிக் கெடுத்திருக்கியா நீ?"

"இல்ல."

"பின்ன?"

"மாட்டுத்தோலுன்னா ஞாபகம் இருக்கும். இது என் தோலுதான்னு இருந்துட்டேன்."

ஆபித்துக்குச் சிரிப்பு வந்தது; கண்ணும் கலங்கியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்ற வந்தான். அதற்குள் முனீர் அகமது வந்துவிட்டார். வெடிப்பைப் பார்த்ததும் "அரே!" என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எதிர்ப்புற நாற்காலிகளைப் பார்த்தார்.

"துணி கட்டாதே ஆபித். கட்டுப் போட்டா தோத்த மாதிரி இருக்கும். தேவசகாயம், முடியுமா?"

"பூட்ஸு வரும்ல முதலாளி?"

"அல்லா மேல ஆணை."

எழுந்தான்.

இரண்டாவது பாதியில் பட்டை இடிக்கிற ஷெட்டு ஆள் ஒருவன் ஒரு கோல் போட்டுச் சமமாக்கினான். கூட்டம் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டது, போலீஸ்காரர்கள் தள்ளினார்கள். தேவசகாயம் ஓடவில்லை, ஓட முடியவில்லை. எதிரி கோல் பக்கமாகப் போய் நின்றுகொண்டான். நின்ற இடத்தில் புல் நனைந்தது. கடைசி நேரத்தில் ஆபித் பந்தை விரட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேர் மேலே விழும்போது, பக்கவாட்டில் தள்ளிவிட்டான். உருண்டு வந்த பந்து மயிர்ப் பந்து இல்லை. நேராக, சொன்னபடி வந்தது. தேவசகாயம் இடது வெடிப்பில் முழுக் கனத்தையும் வைத்து, வலது வெடிப்பால் உதைத்தான். கண் இருட்டியது. கோலைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டான். பந்தை எடுத்து வந்த கோல்காரன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். சட்டையில் சிவப்பு.

அப்புறம் தூக்கினார்கள், மாலை போட்டார்கள், கொடியைச் சுற்றிக் கத்தினார்கள். துரை வந்து முனீர் அகமதுவின் கையைக் குலுக்கினார். தேவசகாயத்தின் முதுகைத் தட்டி, "நல்ல கால்" என்றார். மதராஸ் பத்திரிகைக்காரன் ஒருவன், உட்காரவைத்து இரண்டு காலையும் முன்னால் நீட்டச் சொல்லி, உள்ளங்கால் தெரியாதபடி பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தான்.

சாயங்காலம் பஜாரில் கூட்டம். முனீர் அகமது மேடையில் பேசினார். "பூட்ஸ் போட்ட காலை இந்தியனுடைய வெறுங்கால் ஜெயித்தது! செருப்புக்கூட இல்லாத கால்! இந்தக் கால்தான் நம்ம தேசம்!" என்றார். கேட்டவர்களுக்கு மயிர் கூச்செறிந்தது. தேவசகாயம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். நிற்கச் சொன்னார்கள். எழுந்து நின்று, கும்பிட்டு, உட்கார்ந்தான். ஆபித் காதோரம் வந்து சொன்னான்: "பேச்சு போற போக்கு நல்லா இல்ல தோஸ்த்."

பத்தொன்பது நாள் தேவசகாயத்தால் குழியில் இறங்க முடியவில்லை. சவுரியம்மாள் தவிட்டுத் தண்ணீர் காய்ச்சி, அவன் காலை ஊறவைத்து, உள்ளே செத்துக் கிடந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். "மொதல்லயே கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ஷாப்புல ஒலக்கையும் எனுக்குத்தான், புத்தியும் எனுக்குத்தான்" என்று திட்டிக்கொண்டே எடுத்தாள். குழியில் ஆபித் தனியாக இரண்டு ஆள் வேலை செய்தான். பத்தொன்பது நாளும் மேஸ்திரி தேவசகாயத்துக்கு ஆப்சென்டு போட்டார். தேசத்துக்கு விளையாடினதற்கு ஆப்சென்டு இல்லை, மறுநாளிலிருந்துதான் என்று விளக்கமும் சொன்னார்.

துரையிடமிருந்து காகிதம் வந்தது. சரக்கு முழுக்க செகண்டு. விலை போன தடவையைவிடக் கம்மி. அதோடு ஆட்டத்தைப் புகழ்ந்து நாலு வரி.

இருபதாம் நாள் தேவசகாயம் ஆபீஸ் அறைக்குப் போனான். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தத் தோல் துண்டு தொங்கியது. மேஜைக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு படம்: ஆளுயரத்தில் பாதி இருக்கும், தங்க முலாம் போட்ட சட்டம், கண்ணாடி. அதில் தேவசகாயம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எப்படி இருக்குது?" என்றார் முனீர் அகமது, ஆசையோடு. "மதராஸ்ல பெருசு பண்ணி வரவழைச்சேன்."

"நல்லா இருக்குது முதலாளி. பூட்ஸு..."

முனீர் அகமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காரு" என்றார். அவன் உட்காரவில்லை, உட்காரச் சொன்னதிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இதைக் கேளு. ஊரே இன்னா சொல்லுது? வெறுங்கால் ஜெயிச்சுதுன்னு சொல்லுது. சோளிங்கர் திருவிழாவுல உன்னைப் பத்திப் பாட்டுப் பாடுறானாம். இப்ப நானே உன் காலுக்கு பூட்ஸ் மாட்டிவிட்டா என்னை இன்னா சொல்லுவாங்க? அதுவும் ரப்பர் பூட்ஸு. எங்க செஞ்சது? சீமையில. அந்நிய சாமான். நானே கொளுத்திட்டு நானே வாங்குறதா?"

"துணியத்தான கொளுத்துனீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான்ப்பா."

தேவசகாயம் கதவுக்குப் பின்னால் தொங்கின துண்டைப் பார்த்தான். "அல்லா மேல ஆணை வச்சீங்க" என்றான் மெதுவாக.

முனீர் அகமதுவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "இல்லேன்னு சொல்லல. தர்றேன். சுதேசியில ரப்பர் பூட்ஸ் செய்யட்டும், மொத ஜோடி உனக்குத்தான். இப்போதைக்கு விலை எல்லாம் விழுந்து கிடக்குது. நீ பார்க்காததா?"

வெளியே ஆபித் காத்திருந்தான். எல்லாம் கேட்டுவிட்டு வாசலில் நின்ற முதலாளியின் வண்டியைப் பார்த்தான்.

"மோட்டார் காரு இன்னா, பாலாத்துல மொளைச்சுதா?"

"மெதுவா பேசுடா."

"அந்தச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் குடுத்ததுல நாலு ஜோடி வந்திருக்கும்டா. உன் காலு ரெண்டும் படத்துல பத்திரமா இருக்குது, போ."

அன்று மத்தியானமே இரண்டு பேரும் குழியில் இறங்கினார்கள். ஆறாத வெடிப்பில் சுண்ணாம்பு பட்டதும் தேவசகாயம் கத்தவில்லை. கத்தினால் ஆபித் அவனைக் கரையில் உட்காரவைத்துவிட்டு மறுபடி இரண்டு ஆள் வேலை செய்வான் என்று தெரியும்.

ஐப்பசியில் ஆபித்தின் இடதுகால் சுண்டுவிரல் கறுத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அந்த விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிசு என்றார்கள், அது நிஜம்தான். பதினைந்தாம் நாள் கட்டோடு வந்தான். "ஏழாம் நம்பர் இனிமே லூசா இருக்கும் தோஸ்த், ஆறரை போடச் சொல்லு" என்று குழிக் கரையில் உட்கார்ந்து சிரித்தான். தேவசகாயம் சிரிக்கவில்லை.

தை மாதம் மதராஸிலிருந்து கதர்க்காரர்கள் நாலு பேர் ஷாப்பு பார்க்க வந்தார்கள். முனீர் அகமது அவர்களை ஆபீஸில் உட்காரவைத்து, படத்தைக் காட்டி, கதையைச் சொல்லி, "அந்த ஆள் இங்கேதான் இருக்கிறான்" என்று கூட்டி வரச் சொன்னார். தேவசகாயம் குழியிலிருந்து அப்படியே போனான். முழங்கால்வரை வெள்ளை.

"காலைக் காட்டுப்பா, பார்க்கட்டும்."

சுவரில் கை ஊன்றி, வலது காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினான். போட்டோவில் தெரியாத பக்கம் அது. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள், சில மூடியும் சில மூடாமலும். வந்தவர்களில் வயதானவர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து பார்த்து, கும்பிட்டார். "இந்த மண்ணைப் போலவே இருக்கிறது" என்றார். அவர் நல்ல மனுஷன்தான். கண்ணில் நீர் நின்றது.

"ஐயா" என்றான் தேவசகாயம். "ஜெயிச்சா குழிக்கு ரப்பர் பூட்ஸ் தர்றேன்னு முதலாளி சொன்னாரு. அளவுகூட எடுத்தாச்சு. அதோ, கதவுக்குப் பின்னால மாட்டியிருக்குது."

வந்தவர்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முனீர் அகமது சிரித்தார். "பாத்தீங்களா, இந்தத் தமாஷ்தான் இவங்கிட்ட!" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். வயதானவர் சிரிக்கவில்லை, ஆனால் கதவுக்குப் பின்னாலும் பார்க்கவில்லை. காபி வந்தது. தேவசகாயம் காலைக் கீழே வைத்தான். அந்த அடி எரிந்தது. பத்து எண்ணவில்லை, அப்படியே நடந்து போய்க் குழியில் இறங்கினான்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தோல் துண்டு சுவரில் இடித்து ஆடும். கரிக்கோடு மங்கிவிட்டது, எழுத்து மங்கவில்லை. முனீர் அகமது தர வேண்டியது ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி: தேவசகாயத்துக்கு ஒன்பதாம் நம்பர், ஆபித் பாஷாவுக்கு ஏழாம் நம்பர். இன்னும் தரவில்லை.